புல்தரையில் கால் வைத்தவர்

பூங்காவுக்குள் நுழைந்ததும் நம் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் மலரோ மரமோ அன்று. ஓர் அறிவிப்புப் பலகைதான். 'புல்தரையில் நடக்காதீர்கள்' என்று அதில் எழுதியிருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். காவலாளி மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்துப் புல்லின்மேல் ஓடியும் இருப்பீர்கள்.

1897ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மக்கள் நெருக்கம் மிகுந்த ஒரு சேரிப் பகுதியின் நடுவே புதிய பூங்கா ஒன்று தயாராகி நின்றது. அதைப் பார்க்க வந்த ஒருவர் மகிழ்ச்சி தாங்காமல் புத்தம் புதிய புல்லின்மேல் நடந்தார். உடனே அவர் முதுகில் ஒரு பிரம்படி விழுந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர், புல்லை விட்டு இறங்கும்படி அவரை அதட்டினார். அடிபட்டவரின் பெயர் ஜேக்கப் ரீஸ். அந்தப் பூங்கா அங்கே வரவேண்டும் என்று ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் எழுதியும் பேசியும் போராடியவர் அவரே!

இதை அவரே பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் இது வெறும் வேடிக்கை அன்று. நெருக்கடியான நகரப் பகுதியில் பூங்கா அமைப்பதென்றால் என்ன, அது யாருக்காக என்ற பெரிய கேள்வி அந்த ஓர் அடியில் அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நாம் நூறாண்டு பின்னோக்கிப் போய், ஒரு குளக்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

கைவிடப்பட்ட ஒரு யோசனை

நியூயார்க் நகரம் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில்தான் முதலில் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஊரின் வட எல்லையை அடுத்து, ஏறத்தாழ 48 ஏக்கர் பரப்பில் நன்னீர்க் குளம் ஒன்று இருந்தது. கலெக்ட் குளம் என்பது அதன் பெயர். நிலத்தடி ஊற்றுகள் அதற்கு நீர் கொடுத்தன. சில இடங்களில் ஆழம் 60 அடி, அதாவது 18 மீட்டர். மக்கள் அதில் குடிநீர் எடுத்தார்கள். கோடையில் கரையில் உலாவினார்கள். குளிர்காலத்தில் உறைந்த நீரின்மேல் சறுக்கி விளையாடினார்கள்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். தோல் பதனிடுவோரும், ஆடுமாடு அறுப்போரும், பீர் வடிப்போரும் தண்ணீரைத் தேடிக் கரைக்கு வந்தார்கள். அவர்களுடைய கழிவெல்லாம் குளத்திலேயே கலந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குளம் நாற்றமெடுத்துவிட்டது.

அப்போது பியேர் லான்ஃபான் என்ற பொறியாளர் ஒரு யோசனை கூறினார். வாஷிங்டன் தலைநகரின் வரைபடத்தை வகுத்த அதே லான்ஃபான்தான் இவர். குளத்தைத் தூய்மைப்படுத்துங்கள், அதை நடுவில் வைத்து ஒரு பூங்கா அமையுங்கள், அதைச் சுற்றி நகரம் வளரட்டும் என்றார் அவர். நகரத்தார் அதை ஏற்கவில்லை. பக்கத்திலிருந்த குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடினார்கள். 1810களின் தொடக்கத்தில் கலெக்ட் குளம் மறைந்தது. அதன் நீரை ஆற்றுக்குக் கொண்டுபோக வெட்டிய வாய்க்காலும் பிறகு மூடப்பட்டுத் தெருவாயிற்று. அது இன்றும் 'வாய்க்கால் தெரு' என்னும் பொருளில் கனால் தெரு என்றே அழைக்கப்படுகிறது.

குளத்தை மூடினால் தரை கிடைக்கும். உறுதியான தரை கிடைக்காது. இதன் காரணம் எளியது. செடிகொடிகளும் குப்பையும் மண்ணோடு சேர்ந்து புதையும்போது, அவை அடியில் மெல்ல மெல்ல அழுகுகின்றன. அழுகும் பொருள் சுருங்குகிறது. மேலே உள்ள தரை அமுங்குகிறது. ஊற்று மட்டும் நிற்பதில்லை. ஆகவே மூடிய குளத்தின்மேல் கட்டிய வீடுகள் சாய்ந்தன. நிலவறைகளில் நீர் கசிந்தது. தெருவில் மழைநீர் வடியவில்லை. வசதி படைத்தவர்கள் வீடுகளை விட்டுவிட்டு வடக்கே போனார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஐந்து முனை

மூன்று தெருக்கள் சந்தித்த ஒரு கூடல், அந்தப் பகுதிக்கு 'ஐந்து முனை' என்ற பெயரைத் தந்தது. பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்து மக்கள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், 1880களில் தென் இத்தாலியிலிருந்து வந்த உழவர்கள் எனப் பலரும் அடுத்தடுத்து அங்கே குடியேறினார்கள். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் அந்தச் சந்துகளைச் சுற்றிப் பார்த்து, அவற்றின் இழிநிலையைத் தம் பயண நூலில் பதிவு செய்தார்.

அந்த வீடுகளின் அமைப்பைச் சற்றே மனக்கண்ணில் பாருங்கள். நியூயார்க்கில் ஒரு மனை என்பது பொதுவாக 25 அடி அகலம், 100 அடி நீளம். அதில் ஐந்தாறு மாடிகள் கொண்ட ஒரு வாடகைக் கட்டடம். அதன் பின்கட்டில் இடம் மிஞ்சினால் அங்கே இன்னொரு கட்டடம். இருபுறமும் அடுத்த கட்டடத்தின் சுவர். ஆதலால் தெருப்பக்க அறைக்கும் கொல்லைப்பக்க அறைக்கும் மட்டுமே சன்னல். நடு அறைகளுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பக்கத்திலிருந்த ஒரு வட்டத்தில் 1890இல் ஏக்கருக்கு 500 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒரு கால்பந்துத் திடலைவிட ஓர் ஏக்கர் சிறியது என்பதை நினைவில் கொள்க.

மல்பெரி என்ற தெரு, பழைய குளத்தின் சதுப்பை ஒதுக்கிப் போவதற்காக முழங்கைபோல் வளைந்து சென்றது. மல்பெரி என்றால் பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கட்டை மரம். ஆனால் அந்தத் தெருவில் ஒரு மரமும் இல்லை. கந்தல் பொறுக்கிப் பிழைப்பவர்களும், தெருவோரத்தில் காய்கறி விற்பவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும்தான் இருந்தார்கள். நகரத்தின் மிக மோசமான இடம் என்று 'மல்பெரி வளைவு' பெயர் வாங்கியிருந்தது.

நகரத்தின் நுரையீரல்

பூங்காவை 'நகரத்தின் நுரையீரல்' என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் இதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. அழுகும் பொருள்களிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் காரணம் என்று அவர்களிற் பலர் நம்பினார்கள். அப்படியானால் நல்ல காற்று வரும் திறந்தவெளியே மருந்தாகும் அல்லவா? இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்ற ஊரில் பொதுப் பணத்தில் அமைத்த பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. அதை நேரில் பார்த்து வியந்த ஃபிரெடரிக் ஓம்ஸ்டெட் என்ற அமெரிக்கர், கால்வர்ட் வாக்ஸ் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, 1858இல் நியூயார்க்கின் மத்தியப் பூங்காவுக்கு வடிவம் கொடுத்தார். இன்று அதன் பரப்பு 843 ஏக்கர்.

கெட்ட காற்றுக் கொள்கை தவறானது. காச நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரே என்று ஜெர்மனியில் ராபர்ட் கோக் 1882இல் மெய்ப்பித்தார். ஆயினும் பூங்காவின் தேவை குறையவில்லை. காற்றோட்டமில்லாத அறையில் பலர் நெருங்கி வாழும்போது அந்த நுண்ணுயிர் எளிதில் பரவுகிறது. வெயில் பட்டால் அது மடிகிறது. கொள்கை மாறியது, வெளிச்சமும் வெளியும் வேண்டும் என்ற முடிவு மாறவில்லை.

ஆனால் மல்பெரி வளைவிலிருந்து மத்தியப் பூங்காவின் தென் எல்லை 5 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாயோ, மாலை வரை வேலை செய்யும் சிறுவனோ அவ்வளவு தொலைவு நடந்து போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு வர முடியுமா? வண்டிக்குக் கொடுக்கக் காசும் இல்லை. நுரையீரல் ஓரிடம், மூச்சுத் திணறுவது வேறிடம் என்றாயிற்று.

வெளிச்சம் போட்டுக் காட்டியவர்

இங்கேதான் ஜேக்கப் ரீஸ் வருகிறார். 1849இல் டென்மார்க்கில் பிறந்த அவர், 1870இல் பிழைப்புத் தேடி நியூயார்க்குக்கு வந்தார். தங்க இடமின்றிப் போலீஸ் நிலையங்களின் இலவசக் கொட்டடிகளில் படுத்துறங்கிய நாள்களும் உண்டு. 1877இல் ஒரு நாளிதழின் போலீஸ் செய்தியாளரானார். போலீஸ் தலைமையகமும் அதே மல்பெரி தெருவில்தான் இருந்தது. இரவுதோறும் வளைவின் சந்துகளில் நடந்து அவர் பார்த்ததையெல்லாம் எழுதினார். படித்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள், மறந்தார்கள்.

1887இல் ஜெர்மனியில் ஒரு புதுக் கலவை கண்டுபிடிக்கப்பட்டது. மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றோடு கலந்து பற்றவைத்தால், ஒரு நொடிக்குள் கண்ணைப் பறிக்கும் ஒளி எழும். இருட்டறையிலும் புகைப்படம் எடுக்கலாம்! ரீஸ் அந்தச் செய்தியைப் படித்ததும் துள்ளியெழுந்தார். சன்னலில்லாத அறைகளுக்குள் அந்தத் தூளைக் கொளுத்திப் படமெடுத்தார். இருமுறை வீட்டுக்கே தீ வைத்துவிட்டார். ஒருமுறை தம்மீதே பற்றவைத்துக் கொண்டார். படங்களை மாய விளக்குச் சொற்பொழிவுகளில் திரையில் காட்டினார். 1890இல் அவருடைய நூல் வெளிவந்தது. எழுத்தைப் படித்து மறந்தவர்களால் படத்தைப் பார்த்து மறக்க முடியவில்லை.

ரீஸிடமும் குறைகள் இருந்தன. இத்தாலியர், சீனர், யூதர் முதலியோரைப் பற்றி அவர் எழுதிய சில பகுதிகள் இன்று படிக்கக் கூசுபவை. மக்களின் வறுமைக்கு வீடு காரணம் என்று சொன்ன அவரே, சில இடங்களில் அவர்களின் இனத்தையே காரணமாக்கினார். இதையும் நாம் மறைக்கக் கூடாது.

இடித்ததும் கட்டியதும்

1887இல் சிறு பூங்காச் சட்டம் நிறைவேறியது. நெருக்கமான பகுதிகளில் நிலம் வாங்கிப் பூங்கா அமைக்க, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை செலவிட அது நகரத்துக்கு அனுமதி தந்தது. மல்பெரி வளைவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் சட்டம் வந்ததும் பூங்கா வந்துவிடுமா? நில அளவை, இழப்பீடு, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. 1895இல்தான் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பிறகும் வேலை நின்றுபோயிற்று. நிலவறைகள் இருந்த குழிகளில் தண்ணீர் தேங்கியது; அங்கே விளையாடிய பிள்ளைகள் விபத்துக்குள்ளானார்கள். பூங்காவுக்காகப் போராடிய ரீஸே, அந்த இடம் பொதுமக்களுக்குத் தொல்லை என்று சுகாதாரக் கழகத்துக்குப் புகார் எழுத நேர்ந்தது.

வடிவம் வகுக்கும் பொறுப்பு, மத்தியப் பூங்காவைப் படைத்த கால்வர்ட் வாக்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1895 நவம்பரில் அவர் இறந்துவிட்டார். பூங்கா முடிந்ததை அவர் பார்க்கவில்லை. ஏறத்தாழ மூன்று ஏக்கர் நிலத்தில் அகன்ற புல்வெளி, வளைந்து செல்லும் நடைபாதைகள், அவற்றின் ஓரமாக வரிசையாக இருக்கைகள், ஒரு மண்டபம் என அது அமைந்தது. செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி நிலத்துக்கே போயிற்று. லான்ஃபான் சொன்னபோதே செய்திருந்தால், அதே வட்டாரத்தில் குளத்தோடு கூடிய பூங்கா கிடைத்திருக்கும். அப்போது அது ஊரின் விளிம்பு, நிலம் மலிவு.

1897 ஜூன் 15 அன்று திறப்பு விழா. ரீஸுக்கு அழைப்பு இல்லை. கூட்டத்தில் ஒருவராக நின்றிருந்தார். நகரத் துப்புரவுத் துறையின் தலைவரான ஜார்ஜ் வேரிங் மேடையிலிருந்து அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தொலி எழுப்பச் செய்தார். கூடியிருந்தவர்கள் மும்முறை முழங்கினார்கள்.

மூன்று ஏக்கர்க் கணக்கு

இப்போது அந்தப் பிரம்படிக்கு வருவோம். போலீஸ்காரர் கெட்டவரா? இல்லை. அவர் புல்லைக் காப்பாற்றினார். தவறு அவர் கையில் இல்லை, வரைபடத்தில் இருந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஏக்கர் என்பது ஏறத்தாழ 12,000 சதுர மீட்டர். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து ஒரு மாலைப்பொழுதில் 5,000 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்குக் கிடைப்பது 2.4 சதுர மீட்டர். ஒரு கட்டில் போடும் இடத்தைவிடச் சற்றே அதிகம். அதிலும் பெரும்பகுதியைப் புல்வெளிக்கு ஒதுக்கிவிட்டால், மக்கள் நிற்பது எங்கே?

புல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்றும் நீரும் இருப்பதால்தான் வேர் மூச்சுவிடுகிறது. ஓயாமல் மிதித்தால் அந்த இடைவெளிகள் அடைபட்டு மண் இறுகுகிறது, வேர் வாடுகிறது, தரை மொட்டையாகிறது. 843 ஏக்கரில் ஓரிடம் மிதிபட்டால் மற்றோரிடம் ஆறிக்கொள்ளும். மூன்று ஏக்கரில் ஆறிக்கொள்ள இடமும் இல்லை, நாளும் இல்லை. நாட்டுப்புறக் காட்சியை நகரத்துக்குள் கொண்டுவருவது பெரிய பூங்காவில் பொருந்தியது. அதே அமைப்பைச் சுருக்கி மூன்று ஏக்கரில் வைத்தபோது, அதைப் பார்க்கலாம், ஆனால் தொடக் கூடாது என்றாகிவிட்டது. புல்லா பிள்ளையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தபோது, பலகையும் பிரம்பும் புல்லின் பக்கம் நின்றன.

சாய்வு நாற்காலிகள்

இந்தப் பாடத்தை நியூயார்க் விரைவிலேயே கற்றது. 1897இல் சிறு பூங்காக்கள் குறித்து ஆராய நகரம் ஒரு குழுவை அமைத்தது. ரீஸ் அதன் செயலாளர். மல்பெரி வளைவுக்குக் கிழக்கே, அதைப் போலவே நெருக்கமான ஒரு பகுதியில் சூவர்ட் பூங்காவுக்கென நிலம் எடுக்கப்பட்டது. நகராட்சியிடம் உடனே கட்டப் பணமில்லை. சார்லஸ் ஸ்டோவர், செவிலியர் லிலியன் வால்ட் ஆகியோர் தொடங்கிய பொழுதுபோக்குச் சங்கம் ஒன்று, சும்மா கிடந்த அந்த நிலத்தில் 1899இல் ஒரு விளையாட்டிடத்தை அமைத்தது. முதலில் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்பது தெரிந்தது. அதன்பிறகே நிரந்தரப் பூங்கா எழுந்தது.

1903 அக்டோபரில் திறந்த சூவர்ட் பூங்கா, அமெரிக்காவில் நகராட்சியே கட்டிய முதல் நிரந்தர விளையாட்டிடம் எனப்படுகிறது. மிதித்தால் கெடாத நிலக்கரிச் சாம்பல் பரப்பிய தரை, உடற்பயிற்சிக் கருவிகள், சுற்றிலும் ஓட்டப் பாதை, பிள்ளைகளே பயிரிடுவதற்கு ஒரு சிறு தோட்டம், வீட்டில் குளிக்க வசதியில்லாதவர்களுக்குப் பளிங்குக் குளியலறைகள். மண்டபத்தின் அகன்ற தாழ்வாரத்தில் ஆடும் சாய்வு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். அவை யாருக்காகத் தெரியுமா? கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்காக. வரைபடம் போடுமுன் யாரோ ஒருவர் அந்தத் தாயை நினைத்திருக்கிறார். மல்பெரி வளைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

போனவர்கள் எங்கே?

இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. இடித்த வீடுகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு நிலத்தில் உரிமை இல்லை. இழப்பீடு கட்டட உரிமையாளர்களுக்கு. மாற்று வீடு தரச் சட்டத்தில் வழியில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தெருக்களின் நெருக்கத்தை இன்னும் கூட்டினார்கள். வாடகை வீடுகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கட்டாயம் என்று வலுவான சட்டம் வந்தது 1901இல். நகரமே ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்தது 1935இல்தான்.

அந்த மக்களைப் பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் வெளியாள்கள் எழுதியதே. 1991இல் பூங்காவுக்கு அருகே நீதிமன்றக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது, ஐந்து முனையின் பழைய கொல்லைகள் வெளிப்பட்டன. தொல்லியலார் ஏறத்தாழ 8,50,000 பொருள்களைச் சேகரித்தார்கள். பூவேலை செய்த தேநீர்க் கோப்பைகள், தையல் ஊசிகள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள்! குடிகாரரும் திருடருமே வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில், உழைத்துச் சம்பாதித்து வீட்டை அழகாக வைத்துக்கொள்ள முயன்ற குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. அந்தப் பொருள்கள் உலக வர்த்தக மையத்தின் ஒரு கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2001 செப்டம்பர் 11 அன்று, வேறிடத்துக்கு இரவல் போயிருந்த 18 பொருள்கள் தவிர மற்றவை எல்லாம் அழிந்தன. அந்த மக்கள் இரண்டாம் முறையும் இடம் பெயர்க்கப்பட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

பூங்கா நிலைத்தது. 1911இல் அதற்குக் கொலம்பஸ் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். சுற்றுப்புறம் இப்போது சீனர் குடியிருப்பு. முதியவர்கள் கல் மேசைகளில் சீனச் சதுரங்கம் ஆடுகிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள், சிலர் இசைக்கருவி மீட்டுகிறார்கள். நாள் முழுதும் கூட்டம்தான். வாக்ஸ் வரைந்த புல்வெளி போய்விட்டது. அந்த இடத்தை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பூங்காவுக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். காலையில் யார் வருகிறார்கள், உச்சிவேளையில் யார், மாலையில் யார் என்று எண்ணுங்கள். நிழல் எங்கே விழுகிறது, இருக்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வராதவர்கள் யார் என்பதையும் யோசித்து எழுதுங்கள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். ஒரு குளமாகவும் இருக்கலாம். நாளை உங்களில் ஒருவர் பூங்காவுக்கு வரைபடம் போடும் பொறியாளராகவோ, அதற்குப் பணம் ஒதுக்கும் நகர்மன்ற உறுப்பினராகவோ ஆகக்கூடும். அன்றைக்கு அந்தக் குறிப்பேடு உங்களுக்குப் பயன்படும்.